ஓட்டைக் காலணா சொன்ன சாட்சி

1878ஆம் ஆண்டின் 6ஆவது சட்டம் என்றால் வழக்கறிஞர்களிலேயே பலர் ஒரு கணம் யோசிப்பார்கள். இந்தியப் புதையல் சட்டம்தான் அது. சில பக்கங்களில் அடங்கிவிடுகிற சிறிய சட்டம். மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் இயன்ற விரைவில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்று மூன்றையும் எழுத வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஆட்சியர் கேட்கும் பிணையம் கொடுக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 20ஆம் பிரிவு பாயும். பங்கும் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

அந்த 20ஆம் பிரிவில் குற்றம் சாட்டப்பட்டு ஒருவர் கூண்டில் நின்றதை என் தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு வழக்கில்தான் பார்த்தேன். அவர் என் கட்சிக்காரர். தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடைப்பட்ட ஒரு மீனவக் கிராமத்துக்காரர். சுனாமி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. படகும் வலையும் போன பிறகு அவர் கடலுக்குத் திரும்பவில்லை. பழைய இரும்பு, ஈயம், பித்தளை வாங்கி விற்கும் தொழிலுக்கு வந்துவிட்டார். மணலில் புதைந்த நங்கூரத் துண்டுகளையும் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளையும் தேடுவதற்காகக் கையில் பிடித்து நடக்கிற உலோகம் கண்டறியும் கருவி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். ஊரில் அதற்கு ‘பீப் மெஷின்’ என்று பெயர்.

அந்தக் கரையில் காசு கிடைப்பது புதிய செய்தி அல்ல. வாடைக் காற்று வீசும் மாதங்களில் கடல் கரையை அரிக்கும். மேல் மணல் போனதும் அடி மணலில் கிடந்தது வெளியே வரும். மழைக்காலம் முடிந்த காலை நேரங்களில் பிள்ளைகள் கரையோரம் குனிந்தபடி நடப்பது அங்கே சாதாரணக் காட்சி. தரங்கம்பாடியின் மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியையே கடல் கொண்டுபோயிருக்கிறது. அப்படிப்பட்ட கடல், பல நூறு ஆண்டுகளாக மனிதர்கள் இறங்கி ஏறிய ஒரு துறையில் எத்தனை காசுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

என் கட்சிக்காரர் ஈயத்தைத் தேடிப் போனார். ஈயமும் கிடைத்தது. ஆனால் சில ஈயத் துண்டுகள் வட்டமாக, மெல்லியதாக, ஏதோ கோடு போட்டதுபோல் இருந்தன. அவற்றை அவர் உருக்கவில்லை. தாயார் கொடுத்த ஒரு பழைய செம்பில் போட்டு வைத்தார். பிறகு செப்புக் காசுகளும் கிடைக்க, அவையும் அதே செம்புக்குள் போயின.

சிக்கல் ஒரு தரகரால் வந்தது. பழங்காசு வாங்கி விற்பவர் என்று அறிமுகம் செய்துகொண்டு வந்தவர், ஒரு பித்தளைக் காசைக் காட்டியிருக்கிறார். ஒரு பக்கம் ராமர், சீதை, இலக்குவன், அனுமன். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்ற எழுத்தும் 1818 என்ற ஆண்டும். இது அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி, ‘மாதிரிக்கு’ என்று அவர் தலையிலேயே விற்றிருக்கிறார். இதே போல இன்னும் கிடைத்தால் மொத்தமாக வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கொஞ்ச நாள் கழித்து வந்து செம்பை அப்படியே கேட்டிருக்கிறார். இவர் தர மறுத்தார். அடுத்த வாரம் காவல் நிலையத்துக்கு ஒரு புகார் போனது: கடற்கரையில் சோழர் காலப் புதையல் குடம் ஒன்றை எடுத்து வீட்டில் பதுக்கி வைத்திருக்கிறார் என்று.

வீட்டைச் சோதித்தார்கள். செம்பு, அதில் இருந்த 71 உருப்படிகள், கருவி, ஒரு மண்வெட்டி, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் எல்லாம் கைப்பற்றப்பட்டன. புதையல் சட்டம் 20ஆம் பிரிவோடு, அரசுப் புறம்போக்கில் இருந்து திருடியதாக அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவும் சேர்ந்தது.

ஜாமீனில் வந்த மறுநாள் மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார்.

“வக்கீலம்மா, நான் குடத்தத் தோண்டி எடுக்கலீங்க. ஒவ்வொண்ணா பொறுக்குனதுங்க. குடம் எங்க அம்மாவோடது.”

“ஒவ்வொண்ணா எடுத்தீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“எம்பொண்ணுக்குத் தெரியும். அதுதானே எழுதி வச்சிது.”

கைப்பற்றிய பொருள்களின் மஹஜரை அப்போதுதான் மீண்டும் படித்தேன். கடைசி வரியில் ‘பள்ளி நோட்டுப் புத்தகம் – 1’ என்றிருந்தது. அதைக் கைப்பற்றியவர்கள் திறந்து பார்க்கவில்லை. அவர் மகள் எட்டாம் வகுப்பு படித்தவள். அப்பா கொண்டுவரும் ஒவ்வொரு துண்டையும் எழுதியிருந்தாள். தேதி, இடம், ஆழம், எப்படி இருந்தது என்று நான்கு பத்தி. இடங்களுக்கு அவள் வைத்த அடையாளங்கள் எல்லாம் கரையில் நிற்பவை: மாதா கோயிலுக்கு நேரே, ஐஸ் பேக்டரிக்கு வடக்கே, உடைந்த வள்ளம் கிடக்கும் மேட்டில். ஆழம் விரல் கணக்கில் இருந்தது. நாலு விரல், எட்டு விரல், ஒரு சாண். சில காசுகளுக்குப் பக்கத்தில் தாளைக் காசின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுத்திருந்தாள். பல மாதங்களின் குறிப்பு, பல பேனாக்களின் மை.

இந்த வழக்கில் இதைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஆவணம் மட்டும் போதாது. அந்த 71 உருப்படிகளும் என்ன என்று முதலில் தெரிய வேண்டும். குற்றப்பத்திரிகையில் அவை ‘சுமார் 500 முதல் 1000 ஆண்டு பழமையான தொல்பொருள் நாணயங்கள், மதிப்பு பல லட்சம்’ என்று ஒரே வரியில் முடிந்திருந்தன. அந்தக் கருத்தைச் சொன்னவர் ஒரு நகை மதிப்பீட்டாளர். தங்கத்தின் மாற்றை உரைகல்லில் சொல்லத் தெரிந்த நேர்மையான மனிதர்தான். ஆனால் நாணயத்தின் வயது உரைகல்லில் தெரியாது.

வழக்கை நடத்துவதற்கு முன், இரண்டு வேலைகள் செய்தேன். முதலில், புதையல் என்று ஒப்புக்கொள்ளாமல், கிடைத்த பொருள்கள், இடங்கள், தேதிகள் பற்றிய விவரத்தை மட்டும் தெரிவித்து ஆட்சியருக்கு என் கட்சிக்காரர் பெயரில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். அடுத்து, நீதிமன்ற அனுமதி பெற்று, ஓய்வுபெற்ற நாணயவியல் அறிஞர் ஒருவரை நீதிமன்ற ஊழியர் முன்னிலையில் அந்தப் பொருள்களைப் பார்வையிடச் செய்தேன்.

அவர் பார்வையிட்ட இரண்டு பிற்பகல்களும் எனக்கு ஒரு கல்வி. அவர் பெட்டியில் இருந்து எடுத்தவை ஒரு சிறிய மின் தராசு, விட்டம் அளக்கும் கருவி, உருப்பெருக்கி, காந்தம், இவ்வளவுதான். எடுத்ததும் காசைப் பார்த்துப் பெயர் சொல்லவில்லை. எடை, விட்டம், உலோகம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினார். காந்தத்தில் ஒட்டியவற்றை ஒதுக்கினார். விளிம்பைப் பார்த்தார். அச்சில் அடித்த காசுக்கும் வார்ப்பில் ஊற்றிய காசுக்கும் விளிம்பிலேயே வேறுபாடு தெரிந்துவிடும் என்று காட்டினார். பிறகுதான் உருவத்துக்கு வந்தார்.

பாதிக் காசுகள் பளபளப்பாக இருந்தன. “யார் தேய்த்தது?” என்றார். கட்சிக்காரர் தலைகுனிந்தார். வீட்டில் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல. புளியின் அமிலம் பச்சைக் களிம்போடு எழுத்தின் மேல்தோலையும் கொண்டுபோய்விடும் என்றார் அறிஞர். தேய்க்காத காசுகளில் களிம்புக்குக் கீழே எழுத்து தெளிவாக நின்றது. தேய்த்தவற்றில் வழவழப்பான செம்புத் தகடுதான் மிச்சம்.

முதலில் ஈயத் துண்டுகள். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தபோது கிரீடத்துக்குக் கீழே ஓர் எழுத்து தெரிந்தது. ஆங்கில ‘சி’ எழுத்தின் வயிற்றுக்குள் 4. அது டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனின் முத்திரை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியது அவர் ஆட்சியில்தான். அவர் 1648இல் இறந்தார். பிறகு வந்த அரசர்களின் முத்திரையும் இதே முறையில்தான் இருக்கும் என்று அறிஞர் விளக்கினார். பெயரின் முதல் எழுத்தும் அவர் எத்தனையாவது அரசர் என்ற எண்ணும். செப்புக் காசுகள் சிலவற்றில் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை இருந்தது. 1766 முதல் 1808 வரை ஆண்டவர் அவர். மறுபக்கத்தில் டேனியக் கம்பெனியின் கூட்டெழுத்து, அல்லது ரோமன் எண்ணோடு ‘காஸ்’ என்ற மதிப்பு. நம் ‘காசு’தான் டேனிய அச்சில் அப்படி ஏறியிருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போகும் வரை இந்தக் காசு புழங்கியது.

அடுத்து வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தும் பின்னியிருக்கும் செப்புக் காசுகள். டச்சுக் கம்பெனியினுடையவை. அருகே நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. பிறகு ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்ற எழுத்தும் உள்ள பிரெஞ்சுக் காசு ஒன்று. ஆங்கிலக் கம்பெனி 1808 ஆண்டு பொறித்து இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்து அனுப்பிய இருபது காசு நாணயங்கள். ஒவ்வொன்றும் சுமார் 9 கிராம், சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. ராஜராஜன் பெயர் நாகரி எழுத்தில் உள்ள, ஆள் நிற்கும் உருவம் பொறித்த தேய்ந்த செப்புக் காசு ஒன்றே ஒன்று. ‘சோழர் புதையல்’ என்று புகாரில் ஏறியதற்கு அந்த ஒன்றுதான் காரணம்.

பித்தளை வில்லை ஒன்று நாணயம் அல்லாததாக இருந்தது. அரசர் இல்லை, சின்னம் இல்லை, ஆங்கிலத்தில் ஓர் ஆலையின் பெயரும் கொழும்பு என்ற ஊர்ப் பெயரும் மட்டும். மதிப்பீட்டாளர் அதை ‘பொத்தான் போன்றது’ என்று எழுதியிருந்தார். அறிஞர் அதை நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பிப் பயிர் செழித்த காலத்தில், கொழும்பில் காப்பிக் கொட்டையைப் பதப்படுத்திய ஆலைகள் வேலைக்குக் கூலியாக இப்படி வில்லை கொடுத்தன. அதைப் பின்னால் காசாக மாற்றிக்கொள்ளலாம். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டு, அடுத்த ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்தது. வில்லையும் செல்லாமல் போனது. தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளில் இருந்து காப்பித் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் போய்வந்த காலம் அது. மாற்றப்படாத ஒரு கூலி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. செம்பில் இருந்தவற்றில் என்னை அதிகம் பாதித்தது அதுதான். அதைக் கையில் வாங்கியவர் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்கப் போவதில்லை. அவர் உழைத்த ஒரு நாளுக்கு இந்த வில்லை மட்டுமே சாட்சி.

ராமர் காசைப் பார்த்ததும் அறிஞர் தாமதிக்கவில்லை. அச்சில் அடித்ததல்ல, வார்ப்பு. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது, பரப்பில் காற்றுக் குமிழியின் குழிகள், விளிம்பில் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. பக்தர்களுக்கும் ஏமாளிகளுக்கும் விற்பதற்காகப் பின்னால் செய்யப்படும் வில்லை அது. குற்றப்பத்திரிகையின் ‘பல லட்சம்’ மதிப்பில் பெரும்பகுதி இந்த ஒன்றின் மேல்தான் ஏற்றப்பட்டிருந்தது.

கடைசியாக, மஹஜரில் ‘துருப்பிடித்த வளையம் – 1’ என்று குறித்திருந்த உருப்படி. பம்பு வாஷர் போல இருந்தது. அறிஞர் அதை எடை போட்டார். காந்தத்தில் ஒட்டவில்லை. இரும்பு அல்ல, வெண்கலம். களிம்பின் ஓரத்தில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். துளைக்கு மேலே ஒரு சிறு கிரீடம். கீழே ஆண்டின் கடைசி இலக்கங்கள். ஓட்டைக் காலணா! இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது, செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு 1943 முதல் 1947 வரை அடித்த காசு.

“இந்த ஒன்று போதும் அம்மா உங்களுக்கு” என்றார் அவர்.

ஏன் போதும் என்பதை அவர் எனக்கு விளக்கியதைத்தான் நான் பிறகு நீதிமன்றத்தில் சொன்னேன். புதையல் என்பது ஒருவர் ஒரு நாளில் மூடிவைத்த பெட்டி. அதில் உள்ள கடைசிக் காசு எந்த ஆண்டோ, அதற்கு முன்னால் அந்தப் பெட்டி மூடப்பட்டிருக்க முடியாது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசர் தலையின் மேல் உளியால் வெட்டிய தடம். வெஸ்பாசியன் காசுக்குப் பிந்திய காசு அந்தக் குவியலில் இல்லை. அவர் ஆட்சிக்கு வந்தது பொது ஆண்டு 69. எல்லாம் ஒரே உலோகம், ஒரே வகை, ஒரே விதமான வெட்டு. அது புதையல். இங்கே இருப்பதோ சோழர் செம்பு, டேனிய ஈயம், டச்சுச் செம்பு, காப்பி ஆலை வில்லை, ஓட்டைக் காலணா. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி. சுதந்திரத்துக்குச் சற்று முன்பு வாழ்ந்த ஒருவர் டேனிய ஈயக் காசையும் செல்லாத கூலி வில்லையையும் தேடிச் சேர்த்துத் தன் காலணாவோடு ஒரே குடத்தில் புதைத்தார் என்று நம்பினால்தான் அரசுத் தரப்புக் கதை நிற்கும்.

குடமும் அந்தக் கதைக்கு எதிராகவே பேசியது. செப்புக் காசுகள் ஈரத்தில் பல காலம் சேர்ந்து கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். குடத்தின் உட்புறத்தில் பச்சைத் தடம் வட்ட வட்டமாகப் பதியும். அந்தச் செம்பின் உட்புறம் சுத்தமாக இருந்தது. காசுகள் தனித்தனியாகவே இருந்தன. சில ஒரு பக்கம் மட்டும் மணலில் உரசித் தேய்ந்திருந்தன. அது அலையில் கிடந்த காசின் அடையாளம்.

விசாரணையில் புலனாய்வு அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நான்கு அடி ஆழத்தில் கருவி மூலம் குடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டியதாக அவர் எழுதியிருந்தார்.

“தோண்டிய குழியைப் பார்த்தீர்களா?”

“கடற்கரை மணல். குழி மூடிப்போயிருந்தது.”

“அப்படியானால் நான்கு அடி என்று எப்படித் தெரியும்?”

“புகார்தாரர் சொன்னார்.”

“புகார்தாரர் தோண்டியபோது உடன் இருந்தாரா?”

பதில் இல்லை. கருவியை இயக்கிக் காட்ட அனுமதி கேட்டேன். நீதிமன்ற வளாகத்து மண்ணில் அறிஞர் சோதனை செய்தார். கருவியின் வட்டத் தலையில் உள்ள கம்பிச் சுருள் மாறும் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டால் அதற்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலிக்கும். பொருள் சிறிதானால் ஆழம் குறையும். காசளவு பொருளுக்கு இந்தக் கருவி ஒரு சாணுக்குக் கீழே ஒலிக்கவில்லை. ஈரமும் உப்பும் சேர்ந்த கடல் மணலில் இன்னும் மோசம், உப்பு நீரே மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி வீணாகக் கத்தும். மகளின் நோட்டில் எந்த வரியும் ஒரு சாணைத் தாண்டவில்லை. அந்தப் பெண்ணைச் சாட்சியாக விசாரித்தபோது, எல்லாம் வழக்குக்காகப் பின்னால் எழுதியது என்று அரசுத் தரப்பு சொல்லிப் பார்த்தது. வழக்குப் பதிவான நாளிலேயே அந்த நோட்டு காவல் துறையின் கைக்குப் போய்விட்டது என்பதை மஹஜரின் கடைசி வரியே காட்டியது.

சட்ட வாதத்தில் நான் ஊன்றி நின்றது 7ஆம் பிரிவில். ஆட்சியர் இரண்டு விஷயங்களை விசாரிக்க வேண்டும் என்கிறது அது. யார், எங்கே, எந்தச் சூழலில் கண்டெடுத்தார் என்பது ஒன்று. இயன்றவரை, யார், எந்தச் சூழலில் அதை மறைத்து வைத்தார் என்பது இன்னொன்று. மறைத்தவர் ஒருவர் உண்டு என்று எண்ணித்தான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. 8ஆம் பிரிவும், நூறு ஆண்டுகளுக்குள் மறைத்து வைத்தவரின் வாரிசு உரிமை கோரி வந்தால் சிவில் நீதிமன்றம் போக அவகாசம் தரச் சொல்கிறது. மடியில் இருந்து நழுவியதையும், படகில் இருந்து விழுந்ததையும், கடல் தூக்கி எறிந்ததையும் யாரும் மறைத்து வைக்கவில்லை. பத்து ரூபாய் வரம்பை நான் தொடவே இல்லை. ஒரு டேனிய ஈயக் காசு பத்து ரூபாய்க்கு மேல் பெறாது என்று சொல்வது நேர்மையாகாது. திருட்டுக்கு, பொருள் வேறொருவர் வசத்தில் இருக்க வேண்டும். அலை புரட்டிக்கொண்டிருந்த காசு யார் வசத்திலும் இல்லை.

நடுவர் பொறுமையாகக் கேட்டார். ஓட்டைக் காலணாவை அவரே உருப்பெருக்கியில் வாங்கிப் பார்த்தார். ஒரே இடத்தில் மறைத்து வைக்கப்பட்ட புதையல் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, தொல்பொருள் மதிப்பு பற்றிய சாட்சியம் தகுதியற்றது, திருட்டின் கூறுகள் இல்லை என்று தீர்ப்பு வந்தது. விடுதலை. பொருள்களைத் திருப்பித் தரவும் உத்தரவு.

திரும்பி வந்ததும் கட்சிக்காரர் செய்தது அவருடைய சொந்த முடிவு. டேனிய ஈயக் காசுகளையும் காப்பி ஆலை வில்லையையும் மகளின் நோட்டின் நகலோடு சேர்த்து அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். நோட்டு இல்லாமல் கொடுத்திருந்தால் அவை எங்கோ கிடைத்த பழைய உலோகம். நோட்டோடு சேர்ந்தபோது எந்தக் கரையில், எந்தப் பருவத்தில், எந்தக் காசோடு எந்தக் காசு வெளிப்பட்டது என்ற வரலாறு ஆயின. மண்ணில் கிடைத்த காசை அடையாளம் காண்பதில் முதல் பாதி இடக்குறிப்பு. உருவமும் எழுத்தும் அடுத்த பாதிதான். அந்த முதல் பாதியை நம் நாட்டில் பெரும்பாலும் இழந்துவிடுகிறோம்.

ஏன் இழக்கிறோம் என்பதை இந்த வழக்குக்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் முதல் காரணம். ஒரு காசு கிடைத்தது என்று சொன்னால் குடம் எங்கே என்று கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் எத்தனை காசு பாத்திரக்கடை உலைக்குப் போயிருக்கும்! இத்தனைக்கும் அந்தப் பழைய சட்டம் கண்டெடுத்தவருக்கு விரோதியே அல்ல. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், நில உரிமையாளரோடு வேறு உடன்பாடு இல்லாதபோது நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு என்கிறது 11ஆம் பிரிவு. இதை அறிந்த ஒரு விவசாயியை நான் இதுவரை சந்திக்கவில்லை.

இரண்டாவது காரணம் 16ஆம் பிரிவு. அரசு புதையலை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். தங்கத்துக்கு இது சரியாக இருக்கலாம். நான்காம் கிறிஸ்டியனின் ஈயக் காசுக்குச் சில ரூபாய் வரும். கூலி வில்லைக்கு அதுவும் தேறாது. தரகர் வாசலில் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். இங்கிலாந்தில் 1996இல் புதிய புதையல் சட்டம் வந்தபோது, அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் பொருளுக்குச் சந்தை மதிப்பைச் சுதந்திரமான குழு பரிந்துரைக்கும் முறையை வைத்துக்கொண்டார்கள். புதையல் வரையறைக்குள் வராத தனிக் காசுகளையும் பொத்தான்களையும் மக்கள் தாமாகக் கொண்டுவந்து பதிவு செய்ய 1997இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. கருவியோடு வயலில் நடப்பவரை அவர்கள் வரலாற்றின் கூட்டாளியாக ஆக்கிக்கொண்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களிலும் அகழாய்வு இடங்களிலும் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம், அது குற்றமாகவே இருக்க வேண்டும். கருவியை எடுத்துக்கொண்டு கோயில் மதிலுக்கும் கோட்டைச் சுவருக்கும் கீழே போகிறவருக்காக நான் வாதாட வரமாட்டேன். நான் பேசுவது உழும்போதும், கிணறு வெட்டும்போதும், கரையில் நடக்கும்போதும் கையில் வந்து சேரும் காசைப் பற்றி.

அப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், புளியும் எலுமிச்சையும் வேண்டாம். கிடைத்த இடத்தில் வைத்தே ஒரு படம் எடுங்கள். தேதி, இடம், ஆழம், கூட என்ன கிடந்தது என்று அன்றைக்கே எழுதுங்கள். குவியலாகக் கிடைத்தால் மேலே கை வைக்காமல் கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிடுங்கள். ஆட்சியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகல் எந்த வழக்கறிஞரையும்விட உறுதியாக உங்களைக் காக்கும்.

அரசிடம் கேட்பதும் ஒன்று உண்டு. பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வாரத்தில் ஒரு நாள், காசு கொண்டுவருகிறவர் பெயரைக் குற்றப் பதிவேட்டில் எழுதாமல் வரலாற்றுப் பதிவேட்டில் எழுத ஒரு மேசை போடுங்கள். 16ஆம் பிரிவைத் திருத்தி, உலோகத்தின் எடைக்குப் பதிலாகப் பொருளின் வரலாற்று மதிப்புக்கு விலை கொடுங்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்த வேலையை ஒரு துறை செய்ய முடியாதா? முடியும். 1878இல் எழுதிய சட்டம் தானாகத் திருந்தாது. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் கடமை அதை வைத்து வழக்காடுகிற எங்களுக்கும், மண்ணில் கால் வைத்து நடக்கிற எல்லோருக்கும் இருக்கிறது.